கவுண்டர் என்றால் என்ன? கவுண்டமணி முதல் யோகி பாபு வரை ஓர் எளிய விளக்கம்

காசிமேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏலம் முடிந்து மீன்காரம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பைக்கில் வந்த ஒருவர் வஞ்சிரம் விலை கேட்டார். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டுப் பேரம் பேசினார். அந்தம்மா மசியவில்லை. உடனே அவர் மீனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, மீனு கண்ணு கலங்கிக் கீது?" என்றார்.

"நீ கேட்ட வெலையக் கேட்டு அழுவுதுபா."

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்துவிட்டோம். கேட்டவரும் சிரித்தார். அந்தம்மா சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டும் போனார்.

இதற்குப் பெயர்தான் கவுண்டர். "செம கவுண்டர்டா" என்று தினமும் சொல்கிறோம். ஆனால் ஒரு பதில் எப்போது கவுண்டர் ஆகிறது, எப்போது வெறும் எதிர்ப்பேச்சாக நின்றுவிடுகிறது என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. போன மாதம் என் அக்கா மகள் கேட்டபோது எனக்கும் வரவில்லை. கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். அவளுக்கு வடிவேலு என்றால் மீம். கவுண்டமணி என்றால் செந்திலை எட்டி உதைக்கும் ஒருவர். "மாமா, அவர் கத்துறாரு, உதைக்கிறாரு. இதுல அப்படி என்ன இருக்குன்னு இவ்ளோ கொண்டாடுறீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. அன்றைக்கு அவளுக்குச் சரியாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

குத்துச்சண்டையில் ஒரு பாடம்

கவுண்டர் என்ற சொல் குத்துச்சண்டையிலும் உண்டு. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி பக்கமெல்லாம் அது பரம்பரை விளையாட்டு. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று பெயர் சொல்லி மோதிக்கொண்ட காலத்தை எங்கள் பெரியப்பா நிறையச் சொல்லுவார். இளவயதில் அவரும் கிளவுஸ் மாட்டியவர்தான்.

கவுண்டர் குத்து எப்படி வேலை செய்கிறது என்று அவர் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. எதிராளி வலது கையை வீசுகிறான். வீசும்போதே அவனுடைய அந்தப் பக்கத்து விலா திறந்துகொள்கிறது. உடம்பும் முன்னால் சாய்ந்து வருகிறது. நீங்கள் கொஞ்சமாக விலகி, அவன் கை திரும்பிப் போவதற்குள் அந்தத் திறந்த இடத்தில் ஒரு குத்து விட வேண்டும். உங்கள் பலத்தோடு அவன் வந்த வேகமும் சேர்ந்துகொள்ளும். "அவன் கையத் தூக்கலன்னா உனக்கு வேலையே இல்லடா" என்பார் பெரியப்பா.

இப்போது மீன்காரம்மாவைப் பாருங்கள். முதலில் கை வீசியவர் பைக்காரர். விலையைக் குறைக்க அவர் எடுத்த ஆயுதம் மீனின் கண். கண் கலங்கியிருந்தால் மீன் பழசு என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தம்மா அந்த ஆயுதத்தைத் தட்டிவிடவில்லை. கண் கலங்கியிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, அதற்குக் காரணத்தை அவர் கேட்ட விலையிலேயே கொண்டுபோய் வைத்தார். கண்ணும் அவர் சொன்னது, விலையும் அவர் சொன்னது. அந்தம்மா புதிதாகக் கொண்டுவந்தது 'அழுவுது' என்ற ஒரே சொல்தான்.

வேறு மாதிரி பதில் சொல்லியிருந்தால்? "இன்னிக்குக் காலைல வந்த மீனுபா" என்றிருந்தால் அது விளக்கம். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். "உனக்குத்தான் கண்ணு தெரியல" என்றிருந்தால் அது வசவு. யாராவது ஒருவர் சிரித்திருக்கலாம், ஆனால் பைக்காரர் கோபித்துக்கொண்டு போயிருப்பார். எதிராளி திறந்துவிட்ட இடத்திலேயே, அவர் கொண்டுவந்த வேகத்திலேயே அடிப்பதுதான் கவுண்டர். அதனால்தான் அடி வாங்கியவராலும் சிரிக்க முடிகிறது. அந்த அடியில் பாதி அவருடையது.

இன்னொரு சொல்லையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உதார். கையில் சரக்கில்லாமல் வாயால் காட்டும் கெத்துக்கு நம் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். புதுவண்ணாரப்பேட்டையில் தெருவுக்குத் தெரு கேரம் ஆடுவார்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா அந்தப் பேட்டைப் பெண்தான். அங்கே ஒரு கிளப்பில் நான் பார்த்தது இது. தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஒரு பையன், "நா நெனச்சா ஒரே போர்டுல முடிச்சிடுவேன்" என்றான். எதிரே இருந்த பெரியவர் பலகையில் பவுடரைத் தூவிக்கொண்டே நிமிராமல் கேட்டார்: "அப்ப ஏம்பா இன்னும் நெனைக்காமலே கீற?"

பையன் விட்டது உதார். உதார்தான் கை வீச்சு. எவ்வளவு பெரிதாக வீசுகிறோமோ, அவ்வளவு பெரிதாக விலா திறக்கும்.

உதைப்பவரா, உதை வாங்குபவரா?

கவுண்டமணியின் பெயரையே இதோடு சேர்த்துச் சொல்வார்கள். உடுமலைப்பேட்டை பக்கம் பிறந்த சுப்பிரமணியம், நாடகத்தில் நடித்த நாட்களில் எதிரே நிற்பவர் எதைச் சொன்னாலும் கவுண்டர் கொடுத்ததால் 'கவுண்டர் மணி' ஆகி, அதுவே கவுண்டமணி என்று நிலைத்தது என்பது திரையுலகில் வழங்கும் கதை. சாதிப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

1977இல் வந்த '16 வயதினிலே' படத்தில் ரஜினிகாந்தின் பரட்டை பாத்திரத்தைத் தூண்டிவிடும் கையாளாக வந்தபோதே அவர் குரல் எல்லாருக்கும் பழகிவிட்டது. அப்புறம் செந்திலோடு சேர்ந்தார். 1980களிலும் 90களிலும் அந்த இரட்டையர் இல்லாத படத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களுடைய புகழ்பெற்ற காட்சிகள் பலவற்றை எழுதியவர் ஏ. வீரப்பன். அந்தக் காலத்தில் படத்தின் கதையை ஒருவர் எழுத, நகைச்சுவைப் பகுதியைத் தனியாக இன்னொருவர் எழுதுவது வழக்கம். அதைக் காமெடி ட்ராக் என்பார்கள். வீரப்பன் பெயரை இன்றைக்கு அதிகம் பேர் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் பெட்ரோமாக்ஸ் காட்சி. ஆல் இன் ஆல் அழகுராஜா என்று பெயர் வைத்துக்கொண்டு கடை நடத்துகிறார் கவுண்டமணி. அந்தப் பெயரே ஓர் உதார், எனக்குத் தெரியாத வேலை இல்லை என்கிற உதார். அங்கே செந்தில் வந்து, பெட்ரோமாக்ஸ் விளக்கைக் காட்டி, இது எப்படி எரிகிறது என்று ஒரு குழந்தை கேட்பது போலக் கேட்கிறார். விளக்குக்குள் வெளிச்சம் தரும் மெல்லிய வலையான மேண்டில் நொறுங்கிப் போகிறது. எல்லாம் தெரிந்தவரின் பிழைப்பை ஒன்றும் தெரியாதவர் ஒரு விரலால் கெடுத்துவிடுகிறார். அதே நேரம் பார்த்து, பெட்ரோமாக்ஸ் லைட் வாடகைக்கு வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்கிறார். "பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேணுமா?" என்று கவுண்டமணி கேட்பது, ஆல் இன் ஆல் என்ற பெயர்ப்பலகை மொத்தமாகச் சரிந்து விழும் ஓசை.

இப்போது வாழைப்பழம். 1989, கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்'. இரண்டு பழம் வாங்கக் காசு கொடுத்து அனுப்புகிறார் கவுண்டமணி. செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே என்று கேள்வி. அந்த இன்னொன்றுதான் இது என்று பதில். என் அக்கா மகளிடம் இந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். செந்தில் சொன்ன பதிலில் இலக்கணப்படி ஏதாவது தப்பு இருக்கிறதா? இல்லை. கேட்டவரின் 'இன்னொன்று' என்ற சொல்லையே எடுத்து அவர் கையில் திருப்பி வைத்துவிட்டார். மீன்காரம்மா செய்த அதே வேலை.

அப்படியானால் கவுண்டர் கொடுத்தது யார்? செந்தில். கவுண்டமணி கத்துவதும் அடிப்பதும், அந்தப் பதிலுக்கு மேல் அவரிடம் சொல் தீர்ந்துபோனதால். தோற்றவர்தான் கை ஓங்குகிறார். கேள்வியை அவர் மாற்றி மாற்றிக் கேட்டாலும், சாட்சிக்கு ஆள் கூப்பிட்டாலும், செந்தில் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அதே பதிலைச் சொல்வார். அந்த முகம் சிரித்திருந்தால் காட்சி செத்திருக்கும். தனக்குத் தெரிந்தே குறும்பு செய்கிறார் என்று ஒரு நொடி நமக்குத் தோன்றினாலும் போதும், அடி நமக்கு வலிக்க ஆரம்பித்துவிடும்.

உதைப்பவரைப் பார்க்காமல் உதை வாங்குபவரைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. தமிழ் சினிமாச் சிரிப்பில் வேலையின் பெரும்பகுதி அவர் தலையில்தான் விழுகிறது. கவுண்டமணியின் மேதைமை வேறு இடத்தில் இருக்கிறது. தோற்பதற்கு முன்னால் அவர் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறார் என்பதில். நாயகனையும், அரசியல்வாதியையும், ஊர்ப் பெரிய மனிதரையும் ஒரே குரலில் அதட்டுவார். யாரையும் மதிக்காத அந்தக் குரல் ஒரு வாழைப்பழத்திடம் தோற்கிறது.

தண்டையார்பேட்டை மகாராணி, அகஸ்தியா, பழைய வண்ணாரப்பேட்டை பாரத் என்று எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் இந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு கவுண்டருக்கு எழும் சிரிப்பில் அடுத்த இரண்டு வசனம் காதில் விழாது. பிறகு டீக்கடையில் கேசட் ஓடும்போதோ தொலைக்காட்சியில் வரும்போதோதான், அட, நடுவில் இப்படி ஒரு வரி இருந்திருக்கிறதே என்று தெரியும். வீட்டில் தனியாகப் பார்க்கும்போது அந்தக் காட்சிகள் கொஞ்சம் நீளமாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். ஆயிரம் பேர் சிரித்து முடிப்பதற்கு இடம் விட்டு எடுக்கப்பட்டவை அவை. அகஸ்தியா 2020இல் மூடப்பட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சிரிப்புச் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

விழுந்து எழுகிற கலை

மதுரையிலிருந்து வந்த வடிவேலு, 1991இல் ராஜ்கிரண் நடித்த 'என் ராசாவின் மனசிலே' படத்தில் கவனம் பெற்றார். தொடக்கத்தில் அவரும் கவுண்டமணியிடம் அடி வாங்கும் கூட்டத்தில் ஒருவராக வந்தவர்தான். பிறகு ஒரு பெரிய காரியம் செய்தார். உதார் விடுபவரையும் அடி வாங்குபவரையும் ஒரே உடம்புக்குள் கொண்டுவந்தார்.

2003இல் சுந்தர் சி. இயக்கிய 'வின்னர்' படத்தின் கைப்புள்ளயைப் பாருங்கள். வருத்தப்படாத வாலிபர் சங்கத்தின் தலைவர். வேட்டியை மடித்துக் கட்டுவதிலிருந்து, நடக்கும்போது தோள் ஏறி இறங்குவதிலிருந்து, குரலைக் கீழே இறக்கிப் பேசுவது வரைக்கும் எல்லாமே உதார். அதற்கு இப்போது பில்டப் என்று பெயர். கவுண்டர் கொடுக்க அவருக்குக் குறிப்பிட்ட ஒரு ஆள் தேவையில்லை. சின்னப் பையன் கொடுப்பான், கூட இருக்கும் கையாள் கொடுப்பான், மனைவி கொடுப்பார். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் ஒரு சுத்தியல் கொடுத்தது. மேலேயிருந்து விழுந்து காண்டிராக்டர் நேசமணியின் தலையைப் பதம் பார்த்த அந்தச் சுத்தியல், 2019 மே மாதத்தில், பதினெட்டு வருடம் கழித்து, சமூக வலைத்தளத்தில் உலக அளவில் பேசப்பட்டது. சிரிப்புக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத இடம் அது.

ஆனால் அடி வாங்குவதோடு நின்றிருந்தால் அவர் நூறு பேரில் ஒருவராகியிருப்பார். வடிவேலுவின் உண்மையான கலை அடி விழுந்த பிறகு ஆரம்பிக்கிறது. குத்துச்சண்டையில் கீழே விழுந்தவனுக்கு நடுவர் எண்ணத் தொடங்குவார். பத்துக்குள் எழுந்துவிட்டால் ஆட்டம் தொடரும். வடிவேலு எப்போதும் எழுந்துவிடுவார். சட்டையை உதறி, முடியைச் சரிசெய்து, நடந்தது ஒன்றுமே இல்லை என்பது போல மறுபடி உதாரைத் தொடங்குவார். கண்ணில் நீர் நிற்கும், குரல் மட்டும் கெத்தாக இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நாம் சிரிக்கிறோம், கூடவே பாவம் என்றும் தோன்றுகிறது. மேஸ்திரியிடமும் முதலாளியிடமும் பேச்சு வாங்கிவிட்டு, வீட்டு வாசலுக்கு வரும்போது முகத்தைச் சரிசெய்துகொண்ட ஆண்கள் எங்கள் தெருவில் நிறைய இருந்தார்கள். அவர்கள் வடிவேலுவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு தனியானது.

2006இல் வந்த 'தலைநகரம்' படத்தின் நாய் சேகர் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தவர். தன்னையும் ரௌடி என்று போலீஸ் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சி, ஜீப்பில் வலிய ஏறிக்கொள்கிறார். "நானும் ரௌடிதான்." வடசென்னை என்றாலே கத்தி, ரத்தம், கஞ்சா என்று காட்டிக் காட்டிப் பழகிப்போன சினிமாவில், ரௌடி என்பதே ஓர் உதார்தான் என்று அந்த ஒரு காட்சி காட்டிவிட்டது. பேட்டையில் உண்மையாகவே அப்படி உதார் விட்டுத் திரிந்த சிலர், அந்தப் படம் வந்த பிறகு கொஞ்ச நாள் தலைகாட்ட முடியாமல் இருந்தார்கள். யாரைப் பார்த்தாலும் பையன்கள் அந்த வசனத்தைச் சொல்லிவிடுவார்கள்.

வடிவேலுவோடு ஜோடியாக நின்று கவுண்டர் கொடுத்தவர்களில் கோவை சரளா முக்கியமானவர். அவர் குரல் எழும்பும்போதே எதிரே இருக்கும் உதார் சுருங்கிவிடும். அவருக்கு முன்னால் மனோரமா. 1968இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷையில் அவர் பாடிய 'வா வாத்தியாரே வூட்டாண்ட' பாட்டை எங்கள் பாட்டிமார்கள் தங்கள் பாட்டாகவே நினைத்தார்கள். ஆனாலும் பெண்களுக்கு நல்ல கவுண்டர் எழுதிக் கொடுத்த படங்கள் மிகக் குறைவு. எம்.சி. ரோடு துணிக்கடைகளிலும் மீன் மார்க்கெட்டிலும் நான் கேட்ட நல்ல கவுண்டர்களில் முக்கால்வாசி பெண்கள் கொடுத்தவை. சினிமா அதில் கால்வாசியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

எதிரே ஆள் இல்லாத கவுண்டர்

விவேக் வேறு வகை. 1987இல் கே. பாலசந்தர் 'மனதில் உறுதி வேண்டும்' படத்தில் அறிமுகப்படுத்தினார். அவருடைய எதிராளி பெரும்பாலும் ஓர் ஆளாக இருக்க மாட்டார். ஒரு நம்பிக்கை, ஒரு வழக்கம், லஞ்சம், சாதி என்று ஏதாவது இருக்கும். வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டுவதைப் பார்த்துவிட்டு, உள்ளே இத்தனை நூறு பார்ட்ஸ் இருந்தும் ஓடாத வண்டி இந்த எலுமிச்சம்பழத்தில் ஓடுமா என்று அவர் கேட்கும் காட்சி எல்லாருக்கும் தெரியும். வண்டிக்காரர் அங்கே ஒரு சாக்கு. குத்து விழுவது நம் எல்லார் வண்டியிலும் தொங்கும் எலுமிச்சம்பழத்தின் மேல். சின்னக் கலைவாணர் என்ற பட்டம் அவருக்குப் பொருந்தியது இதனால்தான். 2009இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்துல் கலாமின் தூண்டுதலில் லட்சக்கணக்கில் மரக்கன்றுகளை நட்டார். 2021 ஏப்ரல் 17 அன்று அவர் இறந்தபோது, எங்கள் பக்கத்தில்கூடப் பையன்கள் கன்று வாங்கி வந்து நட்டார்கள்.

இந்த வகையில் ஓர் ஆபத்தும் உண்டு. எதிரே ஆள் இல்லாதபோது குத்து காற்றில் போகும், கவுண்டர் பிரசங்கமாக மாறும். விவேக்கின் சில காட்சிகள் அப்படி ஆகியிருக்கின்றன. அவரே அடி வாங்கும் பக்கம் வந்து நின்றபோது நன்றாக மின்னினார். 2002இல் வந்த 'ரன்' படத்தில் சென்னைக்குப் புதிதாக வந்து, கண்டவரிடமெல்லாம் ஏமாந்து, கடைசியில் காக்கா பிரியாணி சாப்பிட்டுவிட்டு நிற்பார். ஊருக்குப் புதிதாக வந்து சென்ட்ரலில் இறங்கிய எவருக்கும் அந்தத் திகில் புரியும்.

கிரேசி மோகன் எழுதிய நகைச்சுவையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், சொன்னவர் நினைத்ததை விட்டுவிட்டு மற்றதற்குப் பதில் சொல்வது அவர் வழி. 'மைக்கேல் மதன காமராஜன்' போன்ற படங்களை முதல் தடவை பார்க்கும்போது பாதி தப்பிவிடும். அங்கே திறந்த விலா, சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நண்பன் கொடுக்கும் கவுண்டர்

2000களில் விஜய் டிவியில் வந்த லொள்ளு சபா, வெற்றிப் படங்களையே எதிராளியாக்கிக்கொண்டது. ராம்பாலா இயக்கிய அந்த நிகழ்ச்சியில் சந்தானம், ஜீவா, மனோகர், சாமிநாதன் எல்லாரும் இருந்தார்கள். பெரிய நாயகர்களின் பில்டப் காட்சியை அப்படியே எடுத்து, நடுவில் ஒரே ஒரு ஓட்டை போடுவார்கள். உதாரை உடைப்பது எப்படி என்பதற்கு அது பாடசாலை மாதிரி.

அங்கிருந்து வந்து 2004இல் 'மன்மதன்' மூலம் சினிமாவில் கவனம் பெற்ற சந்தானம், தெருமுனைக் கலாய்ப்பை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார். கலாய்ப்பது என்றால் நண்பனை அன்போடு காலை வாருவது. 2010இல் வந்த 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படத்தில் உதார் விடுவது நாயகன், உடைப்பது நண்பன். அதற்கு முன்னால் நாயகனுக்குப் பக்கத்தில் நின்ற நகைச்சுவை நடிகர் பெரும்பாலும் நாயகனின் பெருமையைக் கூட்டுவதற்காக நின்றார். சந்தானம் வந்த பிறகு நாயகனும் அடி வாங்க வேண்டியதாயிற்று. என் வயதுக்காரர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. வேகம் அவருடைய பலம். எதிராளி வாக்கியத்தை முடிக்கும் முன்பே பதில் வந்துவிடும். அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பலர் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எதிரே யாரும் உதார் விடாமலே, யாரும் கை தூக்காமலே, அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அது வசவாகத்தான் காதில் விழுந்தது.

சூரிக்கு 2009இல் 'வெண்ணிலா கபடிக் குழு' படத்தின் பரோட்டாப் பந்தயம் வாழ்க்கையை மாற்றியது. கணக்கில் தகராறு வந்ததும், கோட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து சாப்பிடுகிறேன் என்கிறார். கடைக்காரர் கை வீசியது எண்ணிக்கையில். சூரி திருப்பி அடித்தது வயிற்றால்.

இப்போது யோகி பாபு. 2009இல் வந்த 'யோகி' படமே அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது. குரலை உயர்த்தவே மாட்டார். வாய்க்குள் முனகுவது போலப் பேசுவார். எதிராளி கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல ஒரு வரி சொல்வார். கவுண்டமணியின் குரலோடு வைத்துப் பார்த்தால் இது நேர்எதிர் முனை, ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். 2021இல் வந்த 'மண்டேலா' படத்தில் ஊரே ஒதுக்கி வைத்த ஒரு முடிதிருத்துபவராக நடித்தார். அந்த மனிதரின் ஒரு ஓட்டுக்காக இரண்டு தரப்பும் அவர் காலடியில் வந்து நிற்கும். அடி வாங்கும் முகத்துக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று அதில் தெரியும்.

பெல்ட்டுக்குக் கீழே

குத்துச்சண்டையில் ஒரு விதி, இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது. கவுண்டருக்கும் அப்படி ஒரு விதி இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒருவர் சொன்னதை, செய்ததை, விட்ட உதாரை அடித்தால் அது விளையாட்டு. ஒருவரின் நிறத்தை, உயரத்தை, பல்லை, முடியை அடித்தால், அவர் எதையும் திறக்கவே இல்லையே. பிறந்தபடி நிற்கிறார், அவ்வளவுதான். நான் நேசிக்கும் கவுண்டமணி காட்சிகளிலேயே செந்திலின் தோற்றத்தைக் குத்தும் வரிகள் ஏராளம். யோகி பாபுவின் முடியையும் உடம்பையும் வைத்து எழுதப்பட்ட வரிகளும் அப்படித்தான். சின்ன வயதில் சிரித்தேன். இப்போது அந்த வரி வரும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது, அடுத்த வரியில் திரும்பி வருகிறது.

எங்கள் பேச்சையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். 'இன்னா', 'கீது', 'வூடு', 'அப்பால' என்று ஒருவர் வாயைத் திறந்தாலே சிரிக்க வேண்டும் என்று பல வருடம் பழக்கினார்கள். முதல் வேலைக்குப் போன இடத்தில் நான் "அப்பால வரேன்" என்று சொன்னதற்கு ஓர் அறையே சிரித்தது. நான் நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வெகுநாள் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சொல்லையும் சலித்துப் பார்த்தேன். மெட்ராஸ் பாஷையை நன்றாகக் கையாண்ட நடிகர்களுக்கும் அதைக் கேலி செய்த நடிகர்களுக்கும் வித்தியாசம் எளிது. முதல் வகையில் அந்தப் பாஷை பேசுபவர் கவுண்டர் கொடுப்பார். இரண்டாம் வகையில் பாஷையே அடி வாங்கும்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் வாழைப்பழக் காட்சி. இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை கவுண்டமணியை, இரண்டாவது தடவை செந்திலின் முகத்தை மட்டும். அப்புறம் கைப்புள்ள, ஒலியை நிறுத்திவிட்டு. தோளும் நடையும் மட்டுமே உதார் விடுவது தெரியும். அப்புறம் விவேக்கின் எலுமிச்சம்பழம். கடைசியாக நாய் சேகர்.

அக்கா மகளோடு இதே வரிசையில்தான் பார்த்தேன். வாழைப்பழத்தின் இரண்டாவது தடவையில், செந்தில் நான்காவது முறையாக அதே பதிலைச் சொல்லும்போது, அவள் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இவர் ஒரு இடத்துலகூட தோக்கவே இல்லையே மாமா" என்றாள். பிறகு காட்சியை முதலிலிருந்து ஓடவிட்டாள்.